சிங்கப்பூரில் மாதம் 57 ஆயிரம் சம்பளம்... கையில் மிஞ்சுவது எவ்வளவு? புதுக்கோட்டை இளைஞர்கள் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

"தம்பி, மாசம் 57 ஆயிரம். தங்குற இடம் கம்பெனியே குடுத்துரும். ரெண்டே வருஷம், வீடு கட்டிரலாம்."

அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம், மணமேல்குடி பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. ஏஜென்ட் சொல்லும் 57 ஆயிரம் பொய்யாக இருக்க வேண்டும் என்றில்லை. ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி நகையை அடகு வைத்து விமானம் ஏறியவர்களில் பலர், இரண்டு வருடம் கழித்தும் கடனோடுதான் ஊர் திரும்புகிறார்கள்.

சம்பளத்தை ரூபாயில் பெருக்குவது எளிது. அங்கே ஆகும் செலவு, இங்கே ஆகும் செலவு, வட்டி என மூன்றையும் கழித்தால் என்ன வரும்?

புதுக்கோட்டையில் இது ஏன் முக்கியம்?

பெரும்பாலும் ஏரி, கண்மாய்ப் பாசனத்தையும் மழையையும் நம்பிய மாவட்டம் புதுக்கோட்டை. 2018 நவம்பர் 16-ல் கரையைக் கடந்த கஜா புயல், ஆலங்குடி, அறந்தாங்கி சுற்றுவட்டாரத்தில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. வெளிநாட்டு வேலை இந்த ஊர்களுக்கு அதற்கும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பழகிய வழிதான். திருச்சி விமான நிலையமும் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானங்கள் உண்டு.

2015-ல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் எனக் கணக்கிட்டது. அதில் சிங்கப்பூர்தான் முதலிடம். இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வருகிறது என்கிறது ரிசர்வ் வங்கியின் 2023-24 ஆய்வு.

57 ஆயிரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். அறந்தாங்கி பக்கத்தைச் சேர்ந்த 26 வயது எலக்ட்ரீஷியன் ஒருவர் கட்டுமான வேலைக்கு ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூர் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 600 சிங்கப்பூர் டாலர். அங்குள்ள தமிழர்கள் இதை 'வெள்ளி' என்பார்கள். கணக்குக்காக ஒரு வெள்ளி 65 ரூபாய்.

600 வெள்ளி என்றால் 39,000 ரூபாய். அப்படியென்றால் 57 ஆயிரம் எப்படி வந்தது? மிச்சம் முழுக்க ஓவர்டைம், அதாவது ஓ.டி.

சிங்கப்பூர் சட்டப்படி வாரத்துக்கு 44 மணி நேரம்தான் வழக்கமான வேலை. அதற்கு மேல் செய்தால் மணிக்கு ஒன்றரை மடங்கு கூலி. 600 வெள்ளி அடிப்படைச் சம்பளத்துக்கு ஒரு மணி நேரக் கூலி சுமார் 3.15 வெள்ளி. ஓ.டி என்றால் சுமார் 4.72 வெள்ளி. மாதம் 60 மணி நேரம் ஓ.டி பார்த்தால் 283 வெள்ளி கூடும். மொத்தம் 883 வெள்ளி. ரூபாயில் 57,395.

ஆக, ஏஜென்ட் சொன்னது சரிதான். ஆனால் மாதாமாதம் 60 மணி நேரம் ஓ.டி கிடைத்தால் மட்டும்தான் சரி. சட்டப்படி பொதுவான ஓ.டி உச்சவரம்பே மாதம் 72 மணி நேரம். மழைக்காலம், சைட் முடிந்து அடுத்த சைட் தொடங்கும் இடைவெளி, காய்ச்சலில் படுத்த நாட்கள் எல்லாம் ஓ.டி-யைத்தான் முதலில் சாப்பிடும்.

அங்கே ஆகும் செலவு எவ்வளவு?

ஒன்றரை வெள்ளிக்கு ஒரு டீ குடித்தால் ரூபாயில் கிட்டத்தட்ட 100. அதனால் அங்குள்ள செலவை ரூபாயில் யோசிக்கக் கூடாது, வெள்ளியிலேயே எழுத வேண்டும். நம் மாதிரிக் கணக்கில் சிக்கனமாக இருப்பவருக்கு:

• மூன்று வேளை கேட்டரிங் சாப்பாடு – 150 வெள்ளி
• போன், டேட்டா – 20 வெள்ளி
• சோப்பு, முடிவெட்டு, மாத்திரை, ஊருக்குப் பணம் அனுப்பும் கட்டணம் – 30 வெள்ளி
• ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா போய்வரும் செலவு, டீ – 40 வெள்ளி

மொத்தம் 240 வெள்ளி. டார்மிட்டரி வாடகை கம்பெனியே கட்டுகிறது என்ற கணக்கில்தான் இது. சாப்பாட்டுக்கோ தங்குமிடத்துக்கோ சம்பளத்தில் 100 வெள்ளி பிடித்தால், அங்கேயே மாதம் 6,500 ரூபாய் போய்விடும்.

60 மணி நேரம் ஓ.டி இருந்தால் செலவு போக மிஞ்சுவது 643 வெள்ளி, அதாவது 41,795 ரூபாய். ஓ.டி பாதியாகக் குறைந்து 30 மணி நேரமானால் 32,630 ரூபாய். ஓ.டி-யே இல்லாவிட்டால் 23,400 ரூபாய்தான்.

இங்கே ஆகும் செலவு: பலர் மறந்துவிடும் பகுதி

வெளிநாடு போனவருக்கு இரண்டு குடும்பச் செலவு. அங்கே ஒன்று, ஊரில் ஒன்று. அப்பா, அம்மா, மனைவி, ஒரு குழந்தை இருக்கும் வீட்டுக்கு மளிகை, பால், பள்ளிக்கூடம், மருந்து என மாதம் 18,000 ரூபாய் என்று வைப்போம்.

அடுத்தது கடன். போகும் செலவுக்கு மொத்தம் மூன்றரை லட்சம் புரட்டினார். அதில் ஒன்றரை லட்சம் நகைக்கடன், மாதம் 1 சதவீத வட்டி. மீதி 2 லட்சம் வெளியில் வாங்கியது, 3 ரூபாய் வட்டி. மாத வட்டி மட்டும் 1,500-ம் 6,000-மும் சேர்த்து 7,500 ரூபாய். முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே இந்த வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

இப்போது மொத்தக் கணக்கு:

• ஓ.டி 60 மணி நேரம்: வீட்டுச் செலவும் வட்டியும் போக அசலுக்கு மாதம் 16,295 ரூபாய் கட்டலாம். 3 ரூபாய் வட்டிக் கடனை முதலில் அடைத்துக்கொண்டே வந்தால், மொத்தக் கடனும் தீர சுமார் 17 மாதம்.
• ஓ.டி 30 மணி நேரம்: அசலுக்கு 7,130 ரூபாய்தான். கடன் தீர சுமார் 32 மாதம்.
• ஓ.டி இல்லை: வீட்டுக்குக் கொடுத்தது போக 5,400 ரூபாய். வட்டியோ 7,500. மாதம் 2,100 ரூபாய் பள்ளம். கடன் குறையாது, ஏறும்.

ஒர்க் பெர்மிட் பொதுவாக இரண்டு ஆண்டு வரைதான் கொடுக்கப்படுகிறது. 32 மாதம் ஆகும் கடனை 24 மாத பெர்மிட்டில் அடைக்க முடியாது. புதுப்பித்தால்தான் உண்டு. 'புதுப்பிக்கணும்னா பணம் கொடு' என்று யாராவது கேட்கும்போது தொழிலாளி மறுக்க முடியாமல் போவது இதனால்தான்.

இரண்டு வருடம் கழித்து யார் கையில் எவ்வளவு?

இதே இளைஞர் ஊரிலேயே இருந்து மாதம் 20,000 சம்பாதித்திருந்தால், வீட்டுக்கு 18,000, சொந்தச் செலவுக்கு 2,000 என எல்லாம் தீர்ந்திருக்கும். சேமிப்பு பூஜ்யம். ஆனால் கடனும் பூஜ்யம். இதை மனதில் வைத்து 24-வது மாத நிலவரத்தைப் பார்க்கலாம்:

• கடன் 3.5 லட்சம், ஓ.டி 60 மணி நேரம் – கையில் சுமார் 1.6 லட்சம் ரூபாய்
• கடன் 3.5 லட்சம், ஓ.டி 30 மணி நேரம் – இன்னும் ஒரு லட்சத்துக்கு மேல் கடன் பாக்கி
• கடன் 1.2 லட்சம், அதுவும் நகைக்கடன் மட்டும், ஓ.டி 30 மணி நேரம் – 9 மாதத்தில் கடன் தீர்ந்து, கையில் சுமார் 2.2 லட்சம் ரூபாய்

இரண்டாவது வரியில் இருப்பவர் இரண்டு வருடம் வெயிலில் நின்றும், ஊரில் இருந்தவரை விட ஒரு லட்சம் பின்தங்கியிருக்கிறார். மூன்றாவது வரியில் இருப்பவர் பாதி ஓ.டி-தான் பார்த்தார். ஆனாலும் முதல் வரியில் இருப்பவரை விட அதிகம் சேர்த்துவிட்டார். மூவருக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றேதான்.

சம்பளம் 50 வெள்ளி கூடக் கிடைக்குமா என்று பேரம் பேசுவதை விட, போகும் செலவில் ஒரு லட்சத்தைக் குறைப்பதும், 3 ரூபாய் வட்டியைத் தவிர்ப்பதும் பெரிய லாபம்.

ஏஜென்ட் எவ்வளவு வாங்கலாம்? சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் மத்திய அரசிடம் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர், ஒரு தொழிலாளியிடம் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாய் வாங்கலாம். 18 சதவீத ஜி.எஸ்.டி சேர்த்து 35,400 ரூபாய். பதிவு உண்மையா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்சி, ஒரு வருட வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற விகிதத்தில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். 600 வெள்ளி சம்பளத்துக்கு இது 1,200 வெள்ளி, சுமார் 78,000 ரூபாய். வேலை கொடுப்பதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம். வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் 'லெவி' வரியையும் முதலாளிதான் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

கட்டுமான வேலைக்கான ஸ்கில் டெஸ்ட் பயிற்சிக்கும் தேர்வுக்கும் ஆகும் செலவு தனி. அதையும் சேர்த்துத்தான் மொத்தத் தொகையைக் கேட்க வேண்டும். "எல்லாம் சேர்த்து இவ்ளோ" என்று வாயால் சொல்வதை ஒப்புக்கொள்ளாமல், எதற்கு எவ்வளவு எனப் பிரித்து எழுதி வாங்கி, பணத்தை வங்கிக் கணக்கில் அனுப்பினால் பின்னால் புகார் கொடுக்க ஆதாரம் இருக்கும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதவர்கள் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தேவை. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது, சிங்கப்பூர் போகிறவரின் ஒப்பந்தத்தைக் கிளம்பும் முன் அரசு அதிகாரி யாரும் கட்டாயமாகப் பார்ப்பதில்லை. அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐ.பி.ஏ கடிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் பெர்மிட்டுக்கு முன் தரும் ஒப்புதல் கடிதம்தான் ஐ.பி.ஏ. தொழிலாளி கிளம்பும் முன், அவருக்குப் புரியும் மொழியில் இதைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதில் நான்கு வரிகளைத் தேட வேண்டும்:

• அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? ஓ.டி கணக்கு இதை வைத்துத்தான் போடப்படும்.
• நிலையான படிகள் எவ்வளவு?
• பிடித்தம் ஏதும் உண்டா? எதற்கு?
• தங்குமிடம் யார் பொறுப்பு?

தொழிலாளியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமலும், அமைச்சகத்துக்குத் தெரிவிக்காமலும் இந்தச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. அங்கே போனதும் "இதுல ஒரு கையெழுத்து போடு தம்பி" என்று காகிதத்தை நீட்டினால், படிக்காமல் போடக் கூடாது என்பது இதனால்தான்.

மருத்துவக் காப்பீடும் முதலாளியின் பொறுப்புதான். ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் தொழிலாளருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்குக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

எஸ் பாஸில் போகும் பட்டதாரிகளுக்கு?

எஸ் பாஸுக்கான குறைந்தபட்ச சம்பளம் 2025 செப்டம்பர் முதல் 3,300 வெள்ளி. நிதித் துறைக்கும் வயது கூடியவர்களுக்கும் இது இன்னும் அதிகம். ரூபாயில் 2,14,500. கேட்டதும் தலை சுற்றும். ஆனால் இங்கே வாடகை சொந்தப் பணம். அறையைப் பகிர்ந்துகொண்டு வாடகை 700, சாப்பாடு 450, போக்குவரத்து 120, இதர செலவு 80 எனப் போட்டால் 1,350 வெள்ளி கழியும். மிஞ்சுவது 1,950 வெள்ளி, சுமார் 1.27 லட்சம். நல்ல தொகைதான். ஆனால் இரண்டு லட்சம் இல்லை.

மனைவி, பிள்ளையை அழைத்துப் போகலாமா? அதற்கு மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். ஒர்க் பெர்மிட்காரர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லை. இரண்டு பிரிவினருக்கும் அங்கே பி.எஃப் போன்ற சேமிப்புத் திட்டமும் கிடையாது. எடுத்து வைத்தால்தான் சேமிப்பு.

மலேசியா, வளைகுடாவுக்குக் கணக்கு மாறுமா?

முறை ஒன்றுதான். விவரங்கள் மாறும்.

மலேசியாவில் சட்டப்படி குறைந்தபட்ச சம்பளம் உண்டு. 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். ஓட்டல் வேலைக்கு அதற்குக் கீழே பேசினால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும். 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சம்பளத்தில் 2 சதவீதம் சேமநிதிக்குப் பிடிக்கிறார்கள். முதலாளியும் 2 சதவீதம் போடுவார். சிங்கப்பூரில் இப்படி எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்ச சம்பளச் சட்டம் இல்லை.

கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,000 ரியால். சாப்பாடு தராவிட்டால் கூடுதலாக 300, தங்குமிடம் தராவிட்டால் 500 ரியால் தர வேண்டும். '1,000 ரியால், சாப்பாடு ரூம் ஃப்ரீ' என்பதும், '1,800 ரியால், எல்லாம் உங்க செலவு' என்பதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை இந்தச் சட்டமே சொல்லிவிடுகிறது.

ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது பணிக்கொடை கிடைக்கும். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 1,500 திர்ஹாம் சம்பளத்தில் அடிப்படை 800 மட்டும் என எழுதியிருந்தால், ஆண்டுக்கு 560 திர்ஹாம்தான் வரும். மொத்தமும் அடிப்படையாக இருந்தால் 1,050 வரும். ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறினால் பணம் பாதியாகிவிடும்.

குடிபெயர்வு அனுமதி பெற்றுப் போகிறவர்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். 'விசிட் விசாவுல போய் மாத்திக்கலாம்' என்று கிளம்பினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இருக்காது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், 2022-ல் மியான்மரின் மியாவாடியில் சிக்கி மீட்கப்பட்டது நினைவிருக்கலாம்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. ஓ.டி இல்லாமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? அதில் வீட்டுச் செலவும் வட்டியும் கட்ட முடியுமா?
2. சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம், டிக்கெட் ஆகியவற்றில் எது யார் செலவு?
3. மொத்தம் எவ்வளவு கடன்? எத்தனை ரூபாய் வட்டி? எந்த மாதம் தீரும்?
4. பெர்மிட் எத்தனை மாதம்? கடன் அதற்குள் தீருமா?
5. ஊரிலேயே இருந்தால் இதே 24 மாதத்தில் கையில் என்ன இருக்கும்?

முதல் கேள்விக்கும் நான்காவது கேள்விக்கும் 'இல்லை' என்பது பதிலானால், அந்த வேலையை விடலாம். அல்லது கடனைக் குறைக்க வழி பார்த்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் போகலாம்.

சந்தேகம் இருந்தால் கேட்க இடமும் உண்டு. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793. மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் உதவி எண் 1800 11 3090. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க, தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை 1978 முதல் நடத்தி வருகிறது.

அடுத்த முறை டீக்கடையில் "மாசம் 57 ஆயிரம் தம்பி" என்று யாராவது சொன்னால், திருப்பிக் கேட்க ஒரே கேள்வி போதும்: "சரிண்ணே, ஓ.டி இல்லாம எவ்ளோ?"